கழித்துக் கட்டியவர்களுக்கு ஒரு பொன்னாடை

நம் நாட்டில் பொன்னாடைக்குப் பஞ்சமில்லை. கட்சி தாவியவருக்குப் போர்த்துகிறோம்; தாவிய இடம் சரிப்படாமல் திரும்பி வந்தவருக்கும் போர்த்துகிறோம். ஆனால் அரசு அலுவலகத்தின் பின்கட்டில் உட்கார்ந்து, இருப்புப் பதிவேட்டைப் புரட்டி, எது உடைசல், எது அடைசல் என்று பிரித்து, "கழிவு செய்யலாம்" என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்துப் போடுகிறாரே பண்டகக் காப்பாளர், அவருக்கு இதுவரை எந்த மேடையிலும் ஒரு துண்டுகூட விழுந்ததில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன். முதல் பொன்னாடை சண்டிகருக்கு.

சண்டிகர் பிறந்த கதை பலருக்கும் தெரிந்ததுதான். 1947 பிரிவினையில் லாகூர் பாகிஸ்தானுக்குப் போய்விட, இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமல் போயிற்று. அமெரிக்கரான ஆல்பர்ட் மேயர் ஒரு திட்டம் போட்டுக் கொடுத்தார். அவரோடு உழைத்த மேத்யூ நோவிட்ஸ்கி 1950-இல் விமான விபத்தில் இறந்தார். நிர்வாகி பி.என். தாப்பரும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் ஆள் தேடி ஐரோப்பாவுக்குப் போய், பாரிஸில் கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியேயைப் பிடித்தார்கள். இங்கே வந்து குடியிருக்க அவர் இசையவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை வந்து போவதாக ஏற்பாடு. ஊரிலேயே தங்கிக் கட்டி முடிக்க லண்டனிலிருந்து மாக்ஸ்வெல் ஃப்ரையும் ஜேன் ட்ரூவும் வந்தார்கள். லெ கொர்பூசியேயின் உறவுக்காரத் தம்பி பியேர் ழான்னரேயும் வந்தார். 1951 பிப்ரவரியில் ஒரு விருந்தினர் விடுதியில் கூடி, சில நாட்களிலேயே நகரத்தின் வரைபடத்துக்கு உருவம் கொடுத்துவிட்டார்கள்.

இந்த லெ கொர்பூசியேயிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. காகிதத்தைத் தூக்கிப் போட மாட்டார். பாரிஸில் செவ்ர் தெருவின் 35-ஆம் எண்ணில், பழைய மடத்தின் நீண்ட தாழ்வாரம் ஒன்றில் அவருடைய அலுவலகம். அங்கே எந்த வரைபடம் முடிந்தாலும் அதற்கு ஓர் எண் இட்டு, தேதி போட்டு, வரைந்தவர் பெயரையும் பதிவேட்டில் ஏற்றிவிடுவார்கள். சட்டைப்பையில் கொள்கிற சின்னக் குறிப்பேடுகளில் அவர் கிறுக்கியதெல்லாம் தனி. அப்படி 73 குறிப்பேடுகள் மிஞ்சியிருக்கின்றன. பிள்ளை இல்லாத மனிதர். மனைவி 1957-இல் போய்ச் சேர்ந்தார். தனக்குப் பிறகு இந்தக் காகிதமெல்லாம் சிதறிவிடும் என்ற பயத்தில், உயிரோடு இருக்கும்போதே ஓர் அறக்கட்டளைக்கு ஏற்பாடு செய்தார். 1965 ஆகஸ்டில் மத்தியதரைக் கடலில் குளிக்கப் போன இடத்தில் இறந்தார். 1968-இல் அறக்கட்டளை அமைந்தது. இன்று அதன் கையில் ஏறக்குறைய 35,000 வரைபடங்கள். 1980-களில் அவற்றை 32 தொகுதிகளாக அச்சிட்டும் விட்டார்கள். ஒரு சண்டிகர் ஜன்னல் எத்தனை முறை இடம் மாறியது என்பதைக்கூட அங்கே போய்த் தெரிந்துகொள்ளலாம். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போக வேண்டும். சும்மா நுழைந்தால் விட மாட்டார்கள்.

எவ்வளவு சந்தேகப் புத்தி பாருங்கள்! சந்ததியை நம்பாதவன்தான் எண் போடுவான், பதிவேடு வைப்பான். நமக்கு அந்தச் சந்தேகம் கிடையாது. நாம் எதற்கும் எண் போடுவோம்தான். ஆனால் அது பொருளைக் கழிக்கும்போது பதிவேட்டில் அடிக்க ஒரு வரி வேண்டுமே என்பதற்காக.

ஒரு கட்டடத்தின் காகிதம் என்றால் என்ன என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பண்டகக் காப்பாளரின் சாதனையின் அளவு அப்போதுதான் புரியும். முதலில் கையால் போட்ட கிறுக்கல். அடுத்து, ஒளி ஊடுருவும் டிரேஸிங் தாளில் மையால் இழுத்த வரைபடம். அதிலிருந்து அம்மோனியா வாடையோடு எடுத்த பிரதிகள், கட்டுகிற இடத்துக்குப் போகும். அங்கே மேஸ்திரி அதை நாலாக மடித்து இடுப்பில் செருகுவார், சிமெண்ட் கையால் தொடுவார், மழை வந்தால் தலைக்குப் பிடிப்பார். பிரதி கிழிந்தால் கேடில்லை, மூலம் இருந்தால் போதும். கம்பி எத்தனை, எங்கே வளைகிறது, கம்பிக்கு மேல் எத்தனை அங்குலம் கான்கிரீட் மூடியிருக்கிறது என்பதெல்லாம் அந்த மூலத்தில்தான் இருக்கும். எழுபது வருடம் கழித்துக் கான்கிரீட் உதிர்ந்து கம்பி துருப்பிடித்து வெளியே எட்டிப் பார்க்கும்போது, பழுது பார்க்க வருகிறவர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். கூடவே கடிதங்கள்: இந்த ஜன்னலை ஏன் மாற்றினோம், அந்தச் சுவரை யார் வேண்டாம் என்றது, செலவு எங்கே குறைந்தது. இவையெல்லாம் கையில் இருந்தால் ஒவ்வொரு கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டிவரும். இல்லையென்றால் "பழைய கட்டடம், இடித்துவிடலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எவ்வளவு மிச்சம்!

சண்டிகரில் ஊரோடு தங்கி வியர்த்தவர் ழான்னரே. 1965 வரை, பதினான்கு ஆண்டுகள் இருந்தார். பஞ்சாப் அரசின் தலைமைக் கட்டடக் கலைஞராகவும் ஆனார். ஊர்மிளா யூலி சௌத்ரி, ஆதித்ய பிரகாஷ், எம்.என். சர்மா, ஜீத் மல்ஹோத்ரா என்று ஓர் இளம் இந்தியக் கூட்டம் அவரைச் சுற்றி வளர்ந்தது. அலுவலர் குடியிருப்புகள், பள்ளிகள், நூலகம், நாற்காலி, மேசை, சுக்னா ஏரியில் மிதித்து ஓட்டும் படகு வரைக்கும் அவருடைய கை பட்டது. உடம்பு ஒத்துழைக்காமல் ஊரை விட்டுப் போனார். 1967-இல் ஜெனிவாவில் இறந்தார். தன் சாம்பலைச் சுக்னா ஏரியில்தான் கரைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை, அப்படியே கரைத்தார்கள். அவருடைய காகிதங்களோ அவர் குடும்பத்தார் வழியாக மாண்ட்ரியாலில் உள்ள கனடியக் கட்டடக்கலை மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அவரோடு உழைத்த ஆதித்ய பிரகாஷின் காகிதங்களும் பிறகு அங்கேயே போயின. ஆக, சாம்பல் நமக்கு, காகிதம் கனடாவுக்கு. இந்தப் பாகப்பிரிவினையில் நம்முடைய சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. சாம்பலுக்குக் குளிரூட்டிய அறை வேண்டாம், கரையான் மருந்து வேண்டாம், காவலாளி வேண்டாம், கேட்டு வருகிற ஆராய்ச்சி மாணவனுக்குப் பதில் சொல்லவும் வேண்டாம்.

இன்னொரு வசதியையும் மறக்கக் கூடாது. 1966 நவம்பரில் ஹரியானா பிரிந்தபோது சண்டிகர் ஒன்றிய ஆட்சிப் பகுதியாயிற்று. இரண்டு மாநிலங்களுக்கும் அதுவே தலைநகர். ஒரே தலைமைச் செயலகம், ஒரே உயர் நீதிமன்றம், பங்கு போட மூன்று அரசுகள். மூன்று பேர் சொந்தம் கொண்டாடும் வீட்டில் ஓட்டை மாற்றுகிற பெருந்தன்மை யாருக்கு வரும்? அவரவர் மற்ற இருவர் மேல் வைத்திருந்த நம்பிக்கை அபாரமானது. அந்த நம்பிக்கையின் நிழலில்தான் நம் பண்டகக் காப்பாளர் நிம்மதியாகத் தொழில் பார்த்தார்.

அவருடைய உச்ச சாதனை நாற்காலிகள். அலுவலகங்களுக்கும் நீதிமன்றத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் தேக்கு மரத்தில், பிரம்பு பின்னிய இருக்கையோடு, தலைகீழ் வி போல விரிந்த கால்களோடு ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டவை. உள்ளூர்த் தச்சர்கள் செய்தார்கள். பிரம்பு அறுந்தது, கால் ஆடியது. உடனே நாம் என்ன செய்வோம்? எஃகு நாற்காலி வாங்குவோம். தேக்கு மொட்டை மாடிக்குப் போயிற்று. வெயிலிலும் மழையிலும் மலையாகக் குவிந்தது. பிறகு பொது ஏலம். விறகு விலைக்கும் பழைய சாமான் விலைக்கும் போன அவற்றைப் பாரிஸிலிருந்து வந்த வியாபாரிகள் வாங்கி, பெட்டி பெட்டியாக ஏற்றி, பிரம்பு பின்னி, மெருகேற்றி, லண்டனிலும் நியூயார்க்கிலும் சிகாகோவிலும் ஏலம் விட்டார்கள். நாம் பழைய சாமானாகத் தள்ளிய நாற்காலி அங்கே லட்சக்கணக்கில் போனது. சண்டிகரின் வரைபடம் புடைத்து வார்த்த சாக்கடை மூடிகள்கூட ஏல மேடை ஏறின. சாக்கடை மூடிக்கே விலை வைக்கத் தெரிந்த உலகத்துக்கு, அந்த மூடியை எடுத்தால் குழிக்குள் யாராவது விழுவார்களே என்று கவலைப்படத் தெரியவில்லை. நமக்கும் அந்தக் கவலை வராதது பெரிய ஒற்றுமை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. இந்த மேசை நாற்காலிகளின் முதுகிலும் காலிலும் வெள்ளைப் பெயிண்டில் எந்தத் துறை, எந்த அறை, எத்தனையாவது எண் என்று எழுதியிருக்கும். நம் குமாஸ்தாக்களின் கைவண்ணம். இன்று அந்த எழுத்துதான் உண்மையான சண்டிகர் நாற்காலி என்பதற்குச் சான்று. எழுத்து அழியாமல் இருந்தால் மதிப்பு கூடுகிறது. ஆகவே ழான்னரேயின் வடிவத்துக்கு விலை சேர்த்ததில் ஒரு பங்கு நம் பண்டகக் காப்பாளர்களுக்கு உண்டு. அவர்கள் தரகு கேட்கவில்லை. கேட்கத் தெரியவில்லை என்று சொல்கிறவர்கள் பொறாமைக்காரர்கள்.

ஏமி சீகல் என்ற அமெரிக்கக் கலைஞர் இந்த நாற்காலிகளின் பயணத்தைப் பின்னோக்கிப் படம் பிடித்தார். செல்வர்களின் வரவேற்பறையில் தொடங்கி, ஏலக்கூடம், பட்டறை, கப்பல் என்று வந்து சண்டிகரில் முடிகிற படம். பிறகு 2013-இல் அந்தப் படத்தின் பிரதியையே லண்டனில் ஏலத்துக்கு விட்டார், அதையும் படம் பிடித்தார். எங்கள் நாற்காலியைக் கழித்ததைப் பற்றி ஒருவர் படம் எடுத்து, அந்தப் படத்தையும் விற்க முடிகிறது என்றால், கழித்தலில் எத்தனை பேருக்குப் பிழைப்பு இருக்கிறது என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

2011-இல்தான் அரசுக்குச் சபலம் தட்டியது. இனி விற்கக் கூடாது என்று உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. மிச்சம் இருந்ததை எண்ணினார்கள்: 12,793. வெளிநாட்டு ஏலங்களை நிறுத்தச் சொல்லி இந்தியா கேட்டபோது, இவை உங்கள் அரசே முறைப்படி ஏலத்தில் விற்றவைதானே என்ற பதில் வந்தது. என்ன நேர்மையான பதில்! நம் பண்டகக் காப்பாளரின் ரசீது அத்தனை சுத்தம். காகிதத்தைக் காப்பாற்றத் தெரியாதவர்கள் என்று நம்மைச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விற்ற ரசீது மட்டும் கடல் கடந்தும் பத்திரமாக இருக்கிறது.

டெல்லியின் சாதனை சண்டிகரையும் மிஞ்சியது. பிரகதி மைதானத்தில் ராஜ் ரேவல் வடிவமைத்து, பொறியாளர் மகேந்திர ராஜ் கணக்குப் போட்டுக் கொடுத்து, 1972-இல் எழுந்த 'ஹால் ஆஃப் நேஷன்ஸ்' கண்காட்சி மண்டபம். மகேந்திர ராஜ் சண்டிகர் உயர் நீதிமன்றக் கட்டுமானத்தில் கை பழகியவர். 78 மீட்டர் அகலத்துக்கு நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல், முக்கோணங்களைக் கோத்த வலைப்பின்னல். மற்ற நாடுகளில் எஃகுக் குழாயில் செய்வதை, எஃகுக்குத் தட்டுப்பாடு இருந்த இந்தியாவில் தொழிலாளர்கள் கான்கிரீட்டை அச்சில் வார்த்து நிறுத்தினார்கள். அதைப் பாதுகாக்கச் சொல்லிக் கேட்டபோது, பாரம்பரியக் கட்டடம் என்றால் அறுபது வயது ஆகியிருக்க வேண்டும் என்று டெல்லியின் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு சொன்னது. அதற்கு அப்போது நாற்பத்தைந்து. இன்னும் பதினைந்து வருடம் காத்திருந்தால் அந்த வயதும் வந்திருக்கும். வயது வந்தபின் இடிப்பது மரியாதைக்குறைவு என்று நினைத்தார்களோ என்னவோ, 2017 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில் முடித்துவிட்டார்கள். பகலில் இடித்தால் பார்க்கிறவர்கள் மனம் நோகுமே என்ற கருணை.

2022-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம், தெற்காசியா விடுதலைக்குப் பிறகு எழுப்பிய கட்டடங்களைப் பற்றிப் பெரிய கண்காட்சி நடத்தியது. அதில் அந்த மண்டபத்துக்கும் இடம் இருந்தது. மண்டபம் நின்றிருந்த இடத்தில் 2023-இல் பாரத் மண்டபம் வந்தது. ஜி-20 மாநாடும் அங்கே நடந்தது. இதற்கு நேர்மாறு சண்டிகரில் லெ கொர்பூசியே வரைந்த ஆளுநர் மாளிகை. மக்களாட்சிக்கு ஒவ்வாத ஆடம்பரம் என்று நேரு தயங்க, அது கட்டப்படவே இல்லை. ஆனால் அதன் வரைபடங்கள் பாரிஸில் நலமாக இருக்கின்றன. நம் நாட்டில் ஒரு கட்டடம் நீண்ட நாள் வாழ வேண்டுமானால் கட்டாமல் விட்டுவிடுவதே உத்தமம் என்று கட்டடக்கலை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

சார்லஸ் கொரியா இதையெல்லாம் பார்த்துப் புரிந்துகொண்டவர் போலும். சாவதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 2013-இல், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தன் வரைபடங்களை லண்டனில் உள்ள அரச பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் கழகத்துக்குக் கொடுத்தார். அவர்கள் அவரை இந்தியாவின் மகத்தான கட்டடக் கலைஞர் என்று தலைப்பிட்டுக் கண்காட்சி நடத்தினார்கள். வெள்ளைக்காரன் ஒரு காலத்தில் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டு போனான் என்று புத்தகம் எழுதுகிறோம். இப்போது நாமே மடித்துக் கட்டி அனுப்புகிறோம். இதுவல்லவோ விடுதலை! அவர் கட்டிய கோவா கலா அகாடமியோ மாண்டோவி ஆற்றங்கரையில்தான் நின்றது. அதை இடிக்கலாமா என்று பேசினார்கள், பிறகு புதுப்பிக்கலாம் என்றார்கள். புதுப்பிக்கும்போதே 2023 ஜூலையில் திறந்தவெளி அரங்கின் கூரை சரிந்து விழுந்தது.

அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் வேறு மாதிரி. அகமதாபாத் வேலையை முடித்துக்கொண்டு திரும்பும் வழியில், 1974-இல் நியூயார்க் ரயில் நிலையத்தில் இறந்துபோன மனிதர். விட்டுச் சென்றது கடன். பென்சில்வேனியா மாநிலம் காசு கொடுத்து அவருடைய காகிதங்களை வாங்கிப் பல்கலைக்கழகத்தில் வைத்தது. கடன்காரனின் கிறுக்கலுக்குச் சட்டமன்றம் பணம் ஒதுக்கிய கூத்து அது. அகமதாபாத் மேலாண்மை நிறுவனம் 2020 டிசம்பரில் அவர் வடிவமைத்த பதினெட்டு விடுதிகளில் பதினான்கை இடிக்க நினைத்து, உலகம் கூச்சல் போட்டதும் சில நாட்களில் பின்வாங்கியது. கூச்சல் போட்டவர்கள் கையில் பென்சில்வேனியாவின் வரைபடங்கள் இருந்தன. காகிதம் மிஞ்சினால் இப்படித்தான் தொல்லை.

நம் புகழுக்கு இங்கேயும் சில கறைகள் உண்டு. அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தில் இந்தியக் கட்டடக் கலைஞர்களின் வரைபடங்களைச் சேகரித்து வைக்கிறார்கள். சண்டிகரிலும் செக்டர் 19-இல் பழைய கட்டடக் கலைஞர் அலுவலகத்தை லெ கொர்பூசியே மையமாக்கி, கடிதங்களையும் வரைபடங்களையும் மாட்டிவைத்தார்கள். செக்டர் 5-இல் ழான்னரே வாழ்ந்த வீடு 2017-இல் அருங்காட்சியகமாயிற்று. பிரான்ஸ் முன்னின்று ஏழு நாடுகளின் பதினேழு இடங்களை ஒன்றாகக் கோத்து, 2016-இல் சண்டிகர் தலைமையக வளாகத்துக்கு உலகப் பாரம்பரியப் பட்டமும் வாங்கித் தந்தது. நல்ல வேளை, இதற்கெல்லாம் வேண்டிய காகிதம் பாரிஸில் இருந்தது.

கடைசிப் பொன்னாடையைச் சட்டத்துக்குப் போர்த்துகிறேன். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வச் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருள் ஆக நூறு வயது ஆக வேண்டும்; ஆவணம் என்றால் எழுபத்தைந்து போதும். 1951-இல் இங்கே வரைந்த தாளுக்கு 2026-இல் எழுபத்தைந்து நிறைகிறது. நாற்காலி 2050-கள் வரை பொறுத்திருக்க வேண்டும். பொறுக்க மனமில்லாத அரசுக்கு அதே சட்டத்தில் இன்னொரு வாசலும் உண்டு: வயது பார்க்காமல் ஒரு படைப்பைக் கலைச்செல்வம் என்று ஒன்றிய அரசு அறிவிக்கலாம், அறிவித்தால் அது நாட்டை விட்டு வெளியே போக முடியாது. ரவி வர்மா, தாகூர், அம்ரிதா ஷெர்கில் என்று ஒன்பது பேரின் படைப்புகளுக்கு அப்படி அறிவிப்பு வந்திருக்கிறது. அதில் ஒருவர் நிக்கோலஸ் ரோரிக், ரஷ்யாவில் பிறந்தவர். ஆகவே அயல்நாட்டார் என்ற தடையும் இல்லை. படைப்பில் கலை மதிப்பு இருக்க வேண்டும், படைத்தவர் உயிரோடு இருக்கக் கூடாது என்பதே நிபந்தனை. லெ கொர்பூசியே 1965-லும் ழான்னரே 1967-லும் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள்.